ஸ்லீப்பர் பெட்டியும் அதன் ஜன்னல் கம்பிகளும்

எட்டு மாத வேலைக்குப் பிறகு, நான் செய்த முதல் மாதிரி ரயில் பெட்டி நேற்று இரவு தடம் புரளாமல் பத்துச் சுற்று ஓடியது. செங்கல் சிவப்பில் ஓடிய, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பின் பழைய மூன்றடுக்கு ஸ்லீப்பரின் சிறு வடிவம் அது. சிறு வயதில் சென்னை சென்ட்ரலிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போகும்போதெல்லாம் அந்த ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டுதான் போயிருக்கிறேன். 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்து வடிவமைப்பைக் கொண்டு கட்டிய பெட்டி வகை இது. 2018 ஜனவரியில் இந்த வகையின் கடைசிப் பெட்டி வெளியே வந்துவிட்டது. எல்.எச்.பி. என்ற புது வகைப் பெட்டிகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. அதனால்தான் இதை முதலில் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் எடுத்துக்கொண்டது எச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. 21,337 மி.மீ. நீளப் பெட்டி 245 மி.மீ. ஆகிறது. 3,245 மி.மீ. அகலம் 37.3 ஆகிறது. சிக்கல் தண்டவாளத்தில் வந்தது. நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ.; கணக்குப்படி 19.3 மி.மீ. வேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ., 1,435 மி.மீ. பாதைக்கு உரியது. தண்டவாளத்தையும் நானே செய்யலாமா என்று இரண்டு வாரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். சக்கரங்களைக் குறுகலாகவே விட்டு, போகியின் பக்கச் சட்டங்களை மட்டும் அசல் அகலத்துக்குத் தள்ளி வைத்தேன். பக்கவாட்டில் பார்க்கும்போது குறை தெரிவதில்லை. (பெட்டியையே போகி என்று சொல்வது நம் ஊர் வழக்கம். இங்கே நான் சொல்வது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியை.)

சுவர்களுக்கு 0.75 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு. முதல் சுவர் வீணானது. ஒவ்வொரு ஜன்னலையும் அதற்கு முந்தைய ஜன்னலிலிருந்து அளந்து குறித்திருந்தேன். ஒரு ஜன்னலுக்கு 0.2 மி.மீ. பிசகினாலும் பதினெட்டு ஜன்னலில் 3.6 மி.மீ. ஆகிவிடுகிறது, கடைசி ஜன்னல் கதவுக்கான இடத்தில் போய் ஏறி நின்றது. இரண்டாம் சுவரில் எல்லா அளவையும் ஒரே முனையிலிருந்து எடுத்தேன். ஜன்னலின் நான்கு மூலைகளிலும் முதலில் 1 மி.மீ. துளையிட்டுவிட்டு, பிறகு துளைக்குத் துளை கத்தியால் வெட்டினேன். மூலை வளைவு தானாகவே கிடைத்துவிடுகிறது.

மற்ற இடங்களில் விட்டுக்கொடுத்தாலும் கம்பியில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தெளிவான பிளாஸ்டிக்கில் கோடு போட்டு ஒட்டிப் பார்த்தேன். பொம்மை போல இருந்தது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 0.2 மி.மீ. எனாமல் செப்புக் கம்பி வாங்கி, ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடித்து ஒட்டினேன். ஒரு ஜன்னலுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, அப்படியும் இடைவெளி ஒன்றுபோல வரவில்லை. வழி காட்டியது மேசையில் கிடந்த 6 மி.மீ. போல்ட். அதன் மரைக்கு மரை இடைவெளி சரியாக 1 மி.மீ. அசலில் 87 மி.மீ. என்று கணக்கு. பழைய படங்களோடு ஒப்பிட்டேன், பொருந்தியது. அதே மரையுள்ள இரண்டு நீளக் கம்பிகளை ஒரு மரச்சட்டத்தில் எதிரெதிரே பொருத்தி, செப்புக் கம்பியை மரை தவறாமல் இழுத்துச் சுற்றினேன். தறியில் பாவு போட்டதுபோல வரிசையாக நின்றது. அதன் மேல் சுவரின் உட்பக்கத்தை வைத்து எபாக்சி பசையால் ஒட்டி, காய்ந்த பிறகு வெட்டி எடுத்தால் மூன்று ஜன்னல் ஒரே நேரத்தில் முடிந்துவிடுகிறது. சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி அருகிலிருக்கும் தெளிவான பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படிந்துவிடும். 0.2 மி.மீ. என்பது அசலில் 17 மி.மீ. ஆகிறது, சற்றுத் தடிமன்தான். இன்னும் மெல்லிய கம்பி என் கையில் அறுந்துகொண்டே இருந்தது.

ஷட்டர்களைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது பெரிய உதவி. ஐ.சி.எஃப். ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “தம்பி, எல்லா ஷட்டரையும் ஒரே உயரத்தில் வைக்காதே. ஓடுகிற வண்டியில் ஒருவர் தூங்குவார், ஒருவர் வேடிக்கை பார்ப்பார்” என்றார். ஆறு ஜன்னலை முழுவதும் மூடினேன், சிலவற்றைப் பாதியில் நிறுத்தினேன். அதன் பிறகுதான் பெட்டிக்குள் ஆட்கள் இருப்பதுபோலத் தெரிந்தது.

வண்ணம் ஒருமுறை கெட்டது. மழை நாளில் ஸ்பிரே அடித்ததில் ஈரக் காற்று பட்டுச் சிவப்பின் மேல் சாம்பல் பூத்துவிட்டது. ஆயிரம் எண் உப்புத்தாளில் நீர் தொட்டு மெதுவாகத் தேய்த்து, தை மாதத்து வெயிலில் மறுபடி அடித்தேன்.

போகி ஒன்றுக்கு அச்சுப்பெட்டிச் சுருள்வில் எட்டு, நடுவில் தாங்கும் வில் நான்கு. தையல் ஊசியில் கம்பியைச் சுற்றி எடுத்தேன். எடை கொஞ்சமும் போதவில்லை. அமெரிக்காவின் மாதிரி ரயில் ஆர்வலர் அமைப்பான என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைக்கும் கணக்கு, ஒரு அவுன்ஸும் அதற்கு மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும். இந்தப் பெட்டிக்கு அது சுமார் 165 கிராம். என் பெட்டி 95 கிராம்தான் இருந்தது. வளைவில் ஏறியதும் சாய்ந்தது. தூண்டில் ஈயக் குண்டுகளை நசுக்கித் தரைத்தகட்டில், போகிகளுக்கு நேர் மேலே ஒட்டினேன்.

வளைவும் இடம் கேட்டது. 438 மி.மீ. ஆர வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் 8 மி.மீ. வரை தள்ளுகிறது, முனைகள் வெளிப்பக்கம் 9 மி.மீ. போகின்றன. நடைமேடை விளிம்பில் உரசிப் புதுச் சிவப்பு சுரண்டப்பட்டது. வளைவை 600 மி.மீ. ஆக்கினேன். உள்ளே 6, வெளியே 6.5 என்று குறைந்தது. இதற்காக வீட்டு மேசையை அரை அடி அகலமாக்க வேண்டியதாயிற்று.

எண்ணும் எழுத்தும் இன்னும் பாக்கி. டபிள்யூ.ஜி.எஸ்.சி.என். என்ற குறியில் முதலெழுத்து வெஸ்டிபியூலையும் (பெட்டிக்குப் பெட்டி நடந்து போகும் இணைப்பு வழி), கடைசி இரண்டு எழுத்துகள் மூன்றடுக்கையும் சொல்கின்றன. பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு. நான் 86 போடப்போகிறேன். கறுப்புக் காகிதத்தை மடித்து வெஸ்டிபியூல் துருத்தி செய்தாகிவிட்டது. அதைச் சேர்த்துப் பார்க்க இரண்டாவது பெட்டி வேண்டும். அதன் சுவர்களுக்கு ஸ்டைரீன் வெட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று ஓட்டத்தைப் பார்க்கப் பெரியவரை அழைத்திருந்தேன். பெட்டி நின்றதும் குனிந்து, பாதி இறங்கிக் கோணலாக நின்ற ஷட்டர் ஒன்றைக் காட்டினார். “கொக்கி தேய்ந்திருக்கும், இதை மாற்றச் சொல்ல வேண்டும்” என்றார். நான் ஒட்டும்போது சாய்ந்துபோனது அது. இனி அதைத் திருத்தப்போவதில்லை.