சீஆர் கொப்பியின் பின்பக்கம்

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து டயலிசிஸ், அதாவது மிஷினில் இரத்தத்தைச் சுத்தப்படுத்துவது, தொடங்கியது 2021 கடைசியில். செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அது பழகி முடிவதற்குள் 2022 வந்துவிட்டது. இலங்கையில் கரண்ட், காஸ், பெற்றோல், மருந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த வருஷம். அந்த வருஷம் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. வெளியில் இருப்பவர்களுக்காகவும், இப்படி ஒரு நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு கடவுளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

டயலிசிஸில் மிகக் கொடுமையானது தாகம். சிறுநீர் சரியாகப் போகாததால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், அளவு மீறினால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். அவருக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி என்று கணக்குக் கொடுத்திருந்தார்கள். தேநீர், சொதி, குளிசை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு மேல்மாடி, தகரக் கூரை. வியர்வையில் நனைந்து கிடக்கிறவர் "ஒரு மிடறு" என்று கேட்கும்போது, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பாசத்தால் கொடுத்துவிட்டால் அடுத்த நாள் ஆஸ்பத்திரித் தராசு காட்டிக் கொடுத்துவிடும்.

ஐஸ் கட்டி ஒன்றைச் சூப்பினால் தாகம் கொஞ்சம் அடங்கும் என்று வார்டில் சொல்லியிருந்தார்கள். கரண்ட் இல்லாத வீட்டில் ஐஸ் ஏது? நல்ல காலம், மின்வெட்டு ஆங்கில எழுத்து வரிசைப்படி பகுதி பகுதியாகத்தான் நடந்தது. எங்களுக்கு இல்லாத நேரத்தில் அடுத்த தெருவுக்கு இருக்கும். அங்கிருந்த ஒரு ஆன்ட்டி பிளாஸ்கில் ஐஸ் போட்டு, பேரனிடம் கொடுத்து அனுப்புவார். பூசைக்குப் போகும்போது பார்த்துச் சிரிப்போம், அவ்வளவுதான் அதுவரை பழக்கம்.

சாப்பாடு இன்னொரு போராட்டம். இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறினால் இதயம் நின்றுவிடலாம். அதனால் வாழைப்பழம், இளநீர் கூடாது. காமரங்காயை (நட்சத்திரப் பழம்) தொடவே கூடாது, சிறுநீரக நோயாளிக்கு அது விஷம். கிழங்கையும் காய்கறியையும் சிறிதாக வெட்டி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் கறி வைக்க வேண்டும். காஸ் இல்லாத ஊரில் ஒரு கறிக்கு இரண்டு தரம் அடுப்பு! மண்ணெண்ணெய்க்கும் வரிசை. பழைய கதிரை ஒன்றை உடைத்து மொட்டைமாடியில் எரித்திருக்கிறேன்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு சீஆர் கொப்பி, அதாவது கெட்டி மட்டை போட்ட நோட்டு, இருந்தது. முன்பக்கத்தில் தண்ணீர்க் கணக்கு, நிறை, பிரஷர். பின்பக்கத்தைத் திருப்பி, உதவி செய்தவர்களை எழுதத் தொடங்கினேன். பக்தியினால் ஒன்றுமில்லை, பின்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கணக்குப் புத்திதான். "ஆன்ட்டி, ஐஸ்", "பாமசிப் பொடியன், ஊசிக்குக் கடன்" என்று.

அதிகப் பக்கம் பிடித்தவர் கீழ்வீட்டு நானா. ஓட்டோ ஓட்டுகிறவர். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, அவருடைய பிழைப்பே படுத்துவிட்டது. 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதுவும் கிடைத்தால். அந்த நிலைமையிலும் டாங்கியில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்து, "இது உங்க ஆஸ்பத்திரிக்கு, நான் ஹயருக்குத் தொடமாட்டேன்" என்றார். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் பங்கீட்டு முறை வந்து ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று ஆனபோதும் முதல் பங்கு எங்களுக்குத்தான். வீட்டில் அவருக்கு மூன்று பிள்ளைகள். அவருடைய மனைவி ராத்தா ஒரு நாளாவது முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

கடவுளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சின்ன வயதிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்து, ஜூனில் திரும்பத் திறந்ததும் போனேன். டயலிசிஸ் வந்து அந்தச் செவ்வாய்க்கிழமையையே பிடுங்கிக்கொண்டது. வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து செபமாலை சொல்வேன். உண்மையைச் சொன்னால், வாய் மட்டும்தான் சொல்லும், மனம் பெற்றோல் வரிசையில் நிற்கும். எந்த ஆறுதலும் வரவில்லை. ஒரு கட்டத்தில் ஊசி இல்லை, சாமான் பற்றாக்குறை என்று ஆஸ்பத்திரியில் நேரத்தைக் குறைத்தார்கள். அன்றைக்குச் செபமாலையைப் பையிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. ஆனாலும் எடுத்தேன். மிஷினுக்கு நாள் தவறக் கூடாது என்றால் எனக்கும் தவறக் கூடாது என்று ஒரு பிடிவாதம். அதை விசுவாசம் என்று சொல்லலாமா என்று பாதரிடம் கேட்டேன். "வேற என்னண்டு நினைச்சீங்க?" என்றார்.

"கடவுள் சோதிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவரவில்லை. நெருங்கிய சொந்தம் ஒன்று அந்த வருஷம் முழுக்க ஒரு கோல்கூட எடுக்கவில்லை. அதெல்லாம் மறக்கவில்லை, கேட்டால் இப்போதும் வரிசையாகச் சொல்வேன். கசப்பை எழுதி வைக்க வேண்டியதில்லை, அது தானாகவே நிற்கும். செய்த உதவிதான் எழுதாவிட்டால் ஆறு மாதத்தில் போய்விடும். கொப்பியைப் புரட்டினால் "பச்சைச் சட்டை மிஸ், இரண்டாவது போர்வை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த முகம் எனக்கு இப்போது நினைவில்லை. அன்றிரவே எழுதியதால் அவருக்காகச் செபிக்க முடிகிறது. இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: அன்றன்றைக்கே எழுதுங்கள், பெயர் தெரியாவிட்டால் சட்டையின் நிறத்தையாவது.

அந்தப் பட்டியலைத்தான் கொஞ்ச நாளில் செபமாலையோடு சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர். அப்போதுதான் வரிசையில் நின்ற மனம் கொஞ்சம் திரும்பி வந்தது.

அவர் இன்றும் டயலிசிஸில்தான் இருக்கிறார். நாள் மாறிவிட்டது, திங்கள், புதன், வெள்ளி. செவ்வாய் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. நானா அந்த மாதங்களுக்கான ஓட்டோக் காசை இன்றுவரை வாங்கவில்லை. கொடுக்கப் போனால் கோபித்துக்கொள்கிறார். அதனால் நோன்பு மாதம் வந்தால் கஞ்சிக்குத் தேங்காயும் அரிசியும் வாங்கிக்கொண்டு, அவர் ஹயருக்குப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்குகிறேன். கதவைத் திறப்பது ராத்தா.