மாசி மாதத்து மேல்காற்றும் ஓராள் படகும்

கொழும்புக் கரையில் வீசும் மாசி மாதத்துக் காற்றைப் பற்றி ஓரளவு நம்பிக்கையோடு முன்கூட்டியே பேச முடியும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையை மோதிக்கொண்டிருக்கும்போது சிறு பாய்மரப் படகுகளுக்கு அங்கே வேலையில்லை. வடகீழ் பருவக்காற்றின் கடைசி வாரங்களிலோ, தீவின் நிலப்பரப்பே எங்களுக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவே மறைப்பாக நின்றுவிடுவதால், காலைக் கடல் குளம் போலக் கிடக்கும். பிறகு வெயில் ஏறும். தரை கடலைவிட விரைவாகச் சூடேறும். தரைமேல் உள்ள காற்று மேலெழ, கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று கரையை நோக்கி நகரும். நண்பகலளவில் தொடங்கி, பிற்பகலின் நடுவில் வலுத்து, பொழுது சாயச் சாயத் தளர்ந்துவிடும் இந்தக் கடற்காற்றே தனியாகப் பாய் விரிப்பவருக்கு உகந்தது என்பது என் எண்ணம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று நீரை அமைதியாகக் காட்டி ஆளை ஏமாற்றும். ஏதாவது உடைந்தால் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். கடற்காற்றில் எது நடந்தாலும் நாம் ஒதுங்கப்போவது ஊர்ப்பக்கம்தான்.

கல்கிசைக் கரையில் நண்பர் ஒருவரிடமிருந்து நான் இரவல் வாங்கியது லேசர் என்ற ஓராள் பாய்மரப் படகு. கனடாவைச் சேர்ந்த புரூஸ் கேர்பி வடிவமைத்து, 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் இந்த வகைக்கு இப்போது இல்கா என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நீளம் சற்றேறக்குறைய 4.2 மீற்றர், உடற்பகுதியின் எடை 59 கிலோகிராம். ஒரு பாய், அதை இழுக்கவும் தளர்த்தவும் ஒரு கயிறு, சுக்கானின் பிடி, நடுவே நீருக்குள் இறக்கும் ஒரு பலகை. 7.06 சதுர மீற்றர் பெரிய பாயை விட்டு, 5.76 சதுர மீற்றர் பாயையே மாட்டினேன். இரண்டாவது ஆள் இல்லாத படகில், காற்றைச் சமன்செய்ய இருக்கும் ஒரே பாரம் என் உடம்பு. அதன் நிறையைப் பற்றி நான் வீண்பெருமை கொள்வதில்லை.

"தனியவே போறாய்? ஆரையாவது கூட்டிக்கொண்டு போவன்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். இன்னோர் ஆளுக்கு இதில் இடமே இல்லை என்ற பதில் அவரைச் சமாதானப்படுத்துவதில்லை, அது நியாயமும்தான். ஆகவே மிதவை அங்கி அணிந்து, திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, முதலில் ஆழங்குறைந்த இடத்தில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து நிமிர்த்திப் பார்ப்பேன். நடுப்பலகையின் மேல் ஏறி நின்று பின்புறமாகச் சாய்ந்தால் பாய் மெல்ல நீரைவிட்டு எழும்பும். அந்த வேளையில் படகை மட்டும் கைவிடக் கூடாது, ஏனெனில் காற்று அதை நீந்துபவரைவிட வேகமாகக் கொண்டுபோய்விடும்.

காற்று மேற்கிலிருந்து வந்ததால் வெளியே போவதற்கு அதை எதிர்த்தே போக வேண்டியிருந்தது. நேர் எதிராக எந்தப் பாயும் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி ஒரு பக்கம் ஓடி, திருப்பி மறுபக்கம் ஓடி, கோணல்மாணலாகத்தான் ஏற முடியும். பிற்பகலில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வரப்போகும் வலுவான வீச்சை நீர்ப்பரப்பில் கருமையான திட்டாகப் பார்த்து அறிவதே வழக்கம், ஆனால் மேற்கே சாயும் சூரியன் அதே திசையில் நீரைப் பளபளக்கச் செய்துவிடுகிறது. கண்ணை நம்ப முடியாதபோது கயிற்றைப் பிடித்த கையும், முகத்தின் ஒரு பக்கத்தில் படும் குளிர்ச்சியும்தான் செய்தி சொல்கின்றன. கயிறு இறுகும் கணத்திலேயே கால்களைப் படகின் உள்ளே இருக்கும் பட்டிக்குள் கொளுவி உடம்பை வெளியே சாய்த்து, பாயைச் சிறிது தளர்த்தி, முனையைக் காற்றை நோக்கிச் சற்றே ஏற்ற வேண்டும். மூன்றையும் ஒருவரே செய்வதால், யார் எதைச் செய்வது என்ற வாக்குவாதமாவது இல்லை.

வெண்நுரைகள் பரவலாகத் தெரிந்தபோது, மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர் வரையிலான பியூபோர்ட் காற்று அளவையின் நான்காம் நிலைக் காற்று வந்துவிட்டது என்று கணித்து, படகை வடக்கே திருப்பினேன். கரை ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுவதால், மேல்காற்று இப்போது பக்கவாட்டில் வந்தது. இந்தப் படகின் முழு வேகமும் வெளிப்படும் நிலை அதுதான். ஒரு வீச்சில் முனை தூக்கியது. படகு தன் அலையைத் தானே தாண்டி அதன் மேலேறிச் சறுக்கத் தொடங்கியது. சுக்கானின் அதிர்வு பிடிவழியே உள்ளங்கைக்கு வந்தது. வலப்பக்கத்தில் தெஹிவளையின் தென்னைகளும், கரையோரப் பாதையில் ஒரு புகையிரதமும், தொலைவில் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரமும் தெரிந்தன. இத்தனை ஆண்டுகளாக நான் கடலைப் பார்த்தது அந்தப் புகையிரதத்தின் சன்னலிலிருந்துதான்.

வெள்ளவத்தைக்கு முன்னரே திரும்பிவிட்டேன். அங்கே பாறைகள் உண்டு. புகையிரதப் பாதையைக் காக்கக் குவித்த கற்களும் உண்டு. கரையை நோக்கி வீசும் காற்றில் அவற்றருகே போவது வீரமல்ல. நீர்கொழும்பு மீனவர்களின் ஒருவள்ளங்களில், ஒரு பக்கத்தில் மட்டும் கட்டிய மிதவை எப்போதும் காற்றுப் பக்கமே இருக்க வேண்டும் என்பதால், அவர்கள் படகைத் திருப்பாமல் முன்முனையைப் பின்முனையாக்கி ஓட்டுகிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது குனிவதும், பக்கம் மாறி உட்காருவதும் மட்டுமே.

ஐந்து மணியளவில் காற்று இளகியதும், அதை முதுகில் வாங்கிக் கரைக்கு வந்தேன். பாய்மரத்தைப் பக்கக் கம்பிகள் எதுவும் தாங்காததால், பாயை முன்பக்கம் வரை முழுவதுமாகத் தளர்த்திக் காற்றை விட்டுவிட முடிகிறது. அலை உடையும் இடத்துக்குச் சற்று முன்பு அப்படிச் செய்து, பலகையை உயர்த்தி, இடுப்பளவு நீரில் குதித்துப் படகின் முனையைப் பிடித்தேன். பங்குனி பிறந்த பின் பிற்பகல்களில் இடியுடன் மழை கட்டும் நாட்கள் கூடிவிடும். அதன் பிறகு தனியாகப் போக எண்ணமில்லை, அதற்கு முன் காற்று இப்படியே இருந்தால் பெரிய பாயையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பேன்.