துளை விலகிய 25 பைசா கோழிக்குஞ்சு: அசல்தான்!

நாசிக் அச்சகத்தின் வேளாண்மை வரிசையில் வந்த 25 பைசா கோழிக்குஞ்சு அஞ்சல்தலை. தலைகளைப் பிரித்தெடுக்க இடும் துளைகள் இடம் விலகி, படத்தின் வலது ஓரத்தைத் தின்றிருக்கின்றன; இடப்பக்கம் வெள்ளை அகலம். பிளாக்காக, அதாவது பிரிக்காத பல தலைகளாகச் சேர்ந்து கிடைத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை, நடுவில் ஓடும் துளை வரிசையை எவராலும் இடம் மாற்ற முடியாது. தனித் தலைக்குத்தான் சந்தேகம். வலப்பக்கம் கத்தரித்துப் புதிதாகத் துளையிட்டு, 'விலகல்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

தீர்ப்புச் சொல்வது அகலம். துளை வரிசை விலகினால் தலையின் அளவு மாறாது. ஒரு பக்கம் இழந்தது மறுபக்கம் சேர்ந்திருக்கும். கத்தரித்த தலை ஒடுங்கிவிடும். ஆனால் பல்லின் (துளைகளுக்கு இடையே ஓரத்தில் நீட்டி நிற்கும் தாளின்) நுனியிலிருந்து நுனிக்கு அளக்கவே கூடாது. கிழித்த தாளின் நார் எங்கே முடிகிறது என்று யார் சொல்வது? துளையின் அடிப்பள்ளத்திலிருந்து எதிர்ப்பக்க அடிப்பள்ளம் வரை அளக்க வேண்டும். பயன்படுத்தாத தலையைப் பயன்படுத்தாததோடுதான் ஒப்பிட வேண்டும். தண்ணீரில் ஊறிக் காய்ந்த தாள் சுருங்கியிருக்கலாம். இந்த வரிசையில் ஒரே படம் வெவ்வேறு துளை அளவுகளில் வந்திருப்பதால், 2 செ.மீ.க்கு எத்தனை பல் என்று பார்த்து, அதே அளவுள்ள சாதாரணத் தலையைத் தேடி எடுத்தேன். இரண்டையும் கறுப்பு அட்டையில் அருகருகே வைத்து 1200 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஒரே ஸ்கேன். 1 மி.மீ.க்கு சுமார் 47 புள்ளிகள் கிடைக்கின்றன. கால் மில்லிமீட்டர் குறைந்தாலும் தெரிந்துவிடும். குறையவில்லை! வலப்பக்கப் பல் நுனிகளிலும் கிழிந்த நார் இருக்கிறது. வெட்டிய பின் துளையிட்டிருந்தால் நுனிகள் மழுங்கலாக, நேர்கோட்டில் நின்றிருக்கும்.

விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். பல்லும் தாளும் ஒன்றாகிவிடுகின்றன, எதைப் பார்த்து வாங்குவது? கறுப்பு அட்டை என்ன விலை வந்துவிடப் போகிறது!

மேல், கீழ் ஓரங்களை இன்னும் அளக்கவில்லை. அதற்குள் மனம் 50 பைசா பால்பண்ணைத் தலைகளுக்குப் போய்விட்டது. போட்டோகிராவியூர் என்ற குழிவு அச்சு முறையின் உருளையில் மிகுந்த மையை வழிக்கும் கத்தி பழுதானால் படத்தின் குறுக்கே மெல்லிய வண்ணக் கோடு விழும். அப்படி ஒரு கோடு என்னிடமுள்ள தலைக்கட்டு ஒன்றில் இருப்பதாகத் தோன்றுகிறது. அது அச்சில் விழுந்ததா, பிறகு பட்ட கறையா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்.