ஆறு மில்லிமீட்டர்

குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தேன். மாதவிடாய் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் ஸ்கேன். வலது சினைப்பையில் முட்டை இருக்கும் நீர்ப்பை 19 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது. மகிழ்ந்துபோனேன். மருத்துவர் மறுபடி அளந்தார்: கரு ஒட்டி வளர வேண்டிய கருப்பையின் உட்சுவர் 6 மில்லிமீட்டர்தான், போதாது. மூன்றாவது மாதமாக இப்படி.

"மாத்திரையின் வேலைதான் அம்மா" என்றார். நான் சாப்பிட்ட குளோமிஃபின், மூளையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போய்ச் சேரும் இடங்களான ஏற்பிகளை அடைத்துத்தான் முட்டையை வளரச் செய்கிறது. அதே அடைப்பு கருப்பையிலும் நேர்வதால் சிலருக்கு உட்சுவர் தடிப்பதில்லை. மருந்து உடலை விட்டு நீங்கவும் நாளாகும். இதை முதல் மாதமே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்! அதுவரை என் உடலையே நொந்துகொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் லெட்ரோசோல் என்ற வேறு மாத்திரை, ஐந்து நாள். அது ஈஸ்ட்ரோஜன் சுரப்பைச் சில நாள் குறைக்கிறது, ஏற்பிகளை அடைப்பதில்லை. (இந்தியாவில் 2011இல் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு இதைத் தடைசெய்து, 2017இல் தடையை நீக்கினார்கள். அத்தைக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை.)

இம்முறை உட்சுவர் 8.5 மில்லிமீட்டர். ஸ்கேன் தாளைக் கணவரிடம் நீட்டினேன். பஸ் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.