செஸ்டர்ஃபீல்டின் கோணல் கோபுரம்: எங்கே நின்று பார்க்க வேண்டும், ஏன் கோணியது

லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஷெஃபீல்ட் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் செஸ்டர்ஃபீல்ட். ஸ்டேஷனிலிருந்து செயின்ட் மேரி அண்ட் ஆல் செயின்ட்ஸ் சர்ச்சுக்குப் பத்து நிமிட நடை. வழி கேட்கத் தேவையில்லை. 228 அடி உயர ஊசிக்கோபுரமே வழி காட்டும்.

அது 45 டிகிரி முறுக்கிக்கொண்டு, உச்சி 9 அடி 6 அங்குலம் தென்மேற்காக விலகி நிற்கிறது. ஆனால் தென்மேற்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ பார்த்தால் சாய்வு கண்ணில் படாது, முறுக்கு மட்டும்தான் தெரியும். முழுச் சாய்வையும் பார்க்கத் தென்கிழக்கிலோ வடமேற்கிலோ நிற்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பாமல் சர்ச்சை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

இங்கிருந்த தேவாலயம் 1234-இல் அர்ப்பணிக்கப்பட்டது என்றாலும், இன்று பார்ப்பதில் பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சிலுவை வடிவத் தரைப்படம். குறுக்குக் கைகள் சேரும் நடுவில் கல் கோபுரம். அதன்மேல் 1362 வாக்கில் எழுந்த ஊசிக்கோபுரத்தின் மரச்சட்டம், அதைப் போர்த்திய ஈயத்தகடு. ஈயம் மட்டும் சுமார் 33 டன். செஸ்டர்ஃபீல்ட் இருக்கும் டெர்பிஷயர் மாவட்டம் அப்போது ஈயச் சுரங்கங்களின் நாடு, அதனால் சரக்குக்குப் பஞ்சமில்லை.

கோணியதற்குக் காயாத ஓக் மரம்தான் காரணம் என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதை. காய்ந்த ஓக் இரும்புபோல் இறுகிவிடும், உளி இறங்காது. ஆகவே அக்காலத் தச்சர்கள் ஈர மரத்தைத்தான் வழக்கமாக இழைத்தார்கள். அப்படிக் கட்டிய எத்தனையோ கூரைகள் இன்றும் நேராக நிற்கின்றன. மரம் காயும்போது நீளவாக்கில் அதிகம் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். அதில் பொருத்துகள் தளரும், சட்டங்கள் திருகப் பார்க்கும். குறுக்குக் கட்டைகள் போதுமான அளவு இருந்தால் அந்தத் திருகலைப் பிடித்து நிறுத்திவிடும். இங்கே அவைதான் போதவில்லை. 1348-49 கொள்ளைநோயில் கைதேர்ந்த தச்சர்கள் மாண்டுபோனதால் வந்த குறை என்பது பலரும் சொல்லும் விளக்கம், நம்பக்கூடியதுதான்.

மிச்சத்தை வெயில் செய்தது. சூட்டில் ஈயம் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். குளிர்ந்தபின் முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. தன் கனத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழியும். தெற்குமுகம் தினமும் சுட, வடக்குமுகம் நிழலில் கிடக்க, தளர்ந்த சட்டத்தின்மேல் சுமை ஒருபக்கமாகவே ஏறியது. தகடுகளை மீன்முள் வரிசையில் சாய்த்துப் பதித்திருப்பதால், எட்டுப் பட்டை பதினாறாகத் தோன்றி முறுக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

கன்னிப்பெண் மணமகளாக வந்ததை நம்பாமல் கோபுரம் திரும்பிப் பார்த்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் குசும்புக்குப் பெயர்போன ஊர். உள்ளூர்க் கால்பந்து அணிக்கும் கோபுரத்தை வைத்துத்தான் செல்லப்பெயர்.

வழிகாட்டியுடன் மேலே ஏற அனுமதிக்கும் நாட்களை முன்பே பார்த்துவைத்துக்கொண்டு போங்கள். சுழல்படி குறுகலானது, முதுகுப்பை இடிக்கும். மேலே போனால் ஊசிக்கோபுரத்தின் உட்புற மரச்சட்டத்தையே நேரில் பார்க்கலாம். வெளியே எடுக்கும் நூறு படங்களைவிட அது அதிகம் சொல்லும். கீழே ஃபோல்ஜாம்ப் குடும்பத்தின் 16-ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்களுக்கு அரைமணி ஒதுக்கலாம். 1756-இல் ஸ்னெட்ஸ்லர் செய்த ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவியைத் தேடாதீர்கள். 1961 டிசம்பர் தீவிபத்தில் அது எரிந்துபோயிற்று, கோபுரம் தப்பியது.