இடது மணிக்கட்டும் உயர்ந்த முழங்கையும்

2025 யூன் 7, சனி

மருமகனின் பந்து ஏன் ஓயாமல் வலப்பக்கம் வளைந்து போகிறது என்பதை இன்று முறையாகப் பார்க்கத் தொடங்கினோம். திருகோணமலையின் சீனக்குடாவில் விமானப்படையினர் பராமரிக்கும் கோல்ப் மைதானத்தில் காலையிலேயே தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழுந்துவிட்டது. வடக்கு நோக்கி அடித்தால் இந்தக் காற்று இடப்பின்புறமிருந்து வந்து பந்தை வலத்தே தள்ளும். தெற்கு நோக்கி அடித்தால் வளைவை மறைத்துவிடும். ஆகவே காற்றுக்கு நேர் எதிராக நின்று அடிக்கச் சொன்னேன். எதிர்காற்றில் பந்தின் சுழற்சி கூடுதலாக வேலை செய்வதால் குறை எதுவானாலும் பெரிதாகித் தெரியும்.

ஏழாம் இலக்க அயர்ன் மட்டையால் அடித்த ஒவ்வொரு பந்தும் நேராகப் புறப்பட்டு அல்லது சற்று இடத்தே புறப்பட்டு, பின்னர் வலத்தே திரும்பியது. பந்து எத்திசையில் புறப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் மட்டை முகம், அதாவது பந்தில் படும் பக்கம், தீர்மானிக்கிறது. அது எப்பக்கம் வளைகிறது என்பதை, மட்டை செல்லும் பாதைக்கும் அந்த முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் தீர்மானிக்கிறது. இவனுடைய மட்டை முகம் பாதையைவிடத் திறந்திருக்கிறது, அதாவது வலத்தே பார்க்கிறது. அதைத் திறப்பது எது என்பதே கேள்வி.

யூன் 8, ஞாயிறு

கைப்பேசியில் எடுத்த காணொளிகளை மாலையில் ஆறுதலாகப் பார்த்தேன். விநாடிக்கு 240 படங்கள் என்பது நிறையப் போலத் தோன்றும். ஆனால் மட்டைத் தலை மணிக்கு 80 மைல், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 36 மீற்றர் வேகத்தில் வரும்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது 15 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறது. பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் நேரமோ விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தக் கணத்தைக் கைப்பேசியில் தேடுவது வீண்வேலை. சில படங்களில் மட்டையின் தண்டு வில்லாக வளைந்து தெரிவதையும் நம்பக் கூடாது. கைப்பேசிக் கமெரா படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால் தோன்றும் மாயம் அது.

கண்ணைப் பற்றியும் அதே எச்சரிக்கை வேண்டும். பந்து வீசும்போது முரளிதரனின் முழங்கை நிமிர்கிறதா என்பதைப் பற்றி எங்கள் நாட்டில் எல்லோரும் ஒரு காலத்தில் நிபுணர்களாக இருந்தோம். கருவிகளால் அளந்து பார்த்த பிறகு, 2005இல் சர்வதேச கிரிக்கெட் சபை எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் 15 பாகை வரை முழங்கை நிமிர்வை அனுமதித்தது. அதற்குக் குறைந்த நிமிர்வைக் கண்ணால் பிடிப்பது கடினம் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே மெதுவாக நகரும் இடங்களான பிடி, வீச்சின் உச்சி, அடித்த பின்னான கைநிலை ஆகிய மூன்றை மட்டுமே பார்ப்பதென்று வைத்துக்கொண்டேன்.

உச்சியில் இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக நன்றாக மடிந்து குழிந்திருக்கிறது. அடித்த பின்னர் இடது முழங்கை மடிந்து, இலக்கை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

யூன் 10, செவ்வாய்

பொசன் பௌர்ணமி விடுமுறை. வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே பழைய மீன்வலையை மடித்துக் கட்டி, அதற்குள் அடிக்க விட்டேன்.

மருமகன் பாடசாலைக் காலத்தில் ஆரம்பத் துடுப்பாட்டக்காரன். நேர் ஆட்டத்துக்கு இடது முழங்கையை உயர்த்து, மட்டையின் முழு முகத்தையும் பந்தை எறிபவருக்குக் காட்டு என்று சொல்லிச் சொல்லியே அவனைப் பழக்கியிருப்பார்கள். கிரிக்கெட்டில் அது பொன்னான பழக்கம். மட்டை நெட்டாக வருவதற்கும் பந்து நிலத்தோடு போவதற்கும் அதுவே காரணம். ஆனால் கோல்ப் மட்டை சாய்ந்த தளத்தில் சுழல்வதால், அதன் முகம் திறந்து மூடியாக வேண்டும். அதற்கு இடது முன்கையில் பெருவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பு, சின்னவிரல் பக்கமுள்ள அரந்தி எலும்பின் மீது புரள வேண்டும். முழங்கை உயர்ந்து வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் அந்தப் புரள்வு தடைப்படுகிறது. முகம் திறந்தபடியே பந்தைச் சந்திக்கிறது. ஆக, இவனிடம் இருப்பது கெட்ட பழக்கம் அல்ல, வேறொரு விளையாட்டின் நல்ல பழக்கம். அதனால்தான் அது இலகுவில் போகாது.

முன்கையின் புரள்வையும் மணிக்கட்டின் அசைவையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கமும் புறங்கைப் பக்கமும் மடியும். பெருவிரல் பக்கமும் சின்னவிரல் பக்கமும் சாயும். திருகுவது மணிக்கட்டு அல்ல, முன்கை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் ‘மணிக்கட்டைத் திருப்பு’ என்று ஒருவருக்குச் சொன்னால், அவர் எதைத் திருப்புவார் என்று யாருக்கும் தெரியாது.

பிடியையும் பார்த்தேன். தண்டு இடது உள்ளங்கையின் குறுக்கே கிடக்கிறது. அது விரல்களின் அடிப்பகுதிக்கு இறங்க வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள V வடிவக் கவர் இப்போது முகத்தின் நாடியை நோக்குகிறது. வலது தோளை நோக்கும்வரை கையை வலப்புறம் திருப்பி வைத்தேன். குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு அல்லது மூன்று விரல் மொளிகள் தெரிய வேண்டும். புதிய பிடி அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

யூன் 14, சனி

“மாமா, அடிக்கிற நேரத்தில மணிக்கட்டை டக்கெண்டு சுண்டிவிட்டா முகம் மூடாதோ?” என்று கேட்டான்.

மூடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவில் மூடும். கீழ்நோக்கிய வீச்சு முழுவதும் விநாடியின் காற்பங்கு அளவில் முடிந்துவிடுகிறது. ஒன்றைக் கண்டு உடல் எதிர்வினையாற்றவே விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். பாதி வழியில் புதிய கட்டளை போட நேரமில்லை. உச்சியில் என்ன இருந்ததோ அதுவே பெரும்பாலும் கீழே வந்து சேரும்.

இரண்டு மரத் துண்டுகளை ஒரு தளர்ந்த ஆணியால் பொருத்தி, ஆட்டிக் காட்டினேன். மேல் துண்டு கை, கீழ்த்துண்டு மட்டை, ஆணி மணிக்கட்டு. பௌதிகவியலார் கோல்ப் வீச்சை இப்படி இரட்டை ஊசலாகவே கணக்கிட்டிருக்கிறார்கள். மேல் துண்டு வேகமெடுத்துப் பின் மெதுவாகும்போது கீழ்த்துண்டு தானாகவே வெளியே விரிந்து பாய்கிறது. மணிக்கட்டின் கோணத்தை உச்சியிலேயே அவிழ்த்துவிட்டால் அந்தப் பாய்ச்சல் பந்துக்கு முன்னரே செலவாகிவிடும். சுண்டுகிறவர்கள் செய்வது அதைத்தான்.

குழிந்த மணிக்கட்டு எல்லோருக்கும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பந்து இடப்பக்கம் கடுமையாக வளையும் குறையால் அவதிப்பட்ட அமெரிக்க கோல்ப் வீரர் பென் ஹோகன், இடக்கைப் பிடியை இடப்பக்கமாகத் திருப்பி, உச்சியில் மணிக்கட்டை வேண்டுமென்றே குழித்தார். அதை 1955இல் ‘லைஃப்’ சஞ்சிகையில் தம் இரகசியமாகவும் வெளியிட்டார். டஸ்டின் ஜோன்சனோ நேர்மாறாக மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் வளைத்தே 2016இல் அமெரிக்க ஓப்பின், 2020இல் மாஸ்டர்ஸ் ஆகிய பெரும் போட்டிகளை வென்றார். ஹோகனின் மருந்தை அவருடைய நோய்க்கு நேரெதிரான நோய் உள்ளவன் குடித்தால் என்ன ஆகும்? இணையத்தில் பாடம் கேட்கும் பலருக்கு நடப்பது அதுதான்.

யூன் 17, செவ்வாய்

இடது முழங்கையின் வெளிப்புறம் நோகிறது என்கிறான். மட்டையை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டை நிலைநிறுத்தும் தசைகள் அந்த எலும்பு முனையில்தான் பற்றியிருக்கின்றன. பயிற்சியை நிறுத்தினேன். வலி தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

யூன் 22, ஞாயிறு

நோவு தணிந்துவிட்டது. பிடியின் இறுக்கத்தைக் குறைத்து, அரை வீச்சு மட்டும்.

பாடசாலை அடிமட்டம் ஒன்றை அவனுடைய கைக்கடிகாரப் பட்டியின் கீழ் செருகி, புறங்கையில் படியும்படி வைத்தோம். மணிக்கட்டு குழிந்தால் அடிமட்டம் உடனே புறங்கையில் குத்தும். நேராக இருந்தால் மெல்லப் படிந்திருக்கும். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதே இதன் பெரிய நன்மை. முழங்கைக்கு, இரண்டு மேற்கைகளுக்கும் நெஞ்சுக்கும் குறுக்கே ஒரு துவாயை இடுக்கிக்கொண்டு அடிப்பது உதவியது. இடது முழங்கை பழையபடி வெளியே கிளம்பினால் துவாய் விழுந்துவிடும். முதலில் அடிக்கடி விழுந்தது. பிறகு, இலக்கை நோக்கித் திரும்பாமல் அவன் நெஞ்சு நின்றுவிடும்போதுதான் முழங்கை மடிகிறது என்பது தெரிந்தது. நெஞ்சு தொடர்ந்து சுழன்றால் கைக்கு மடிய வேண்டிய தேவையே இல்லை.

யூலை 5, சனி

மீண்டும் சீனக்குடா, மீண்டும் எதிர்காற்று. வலத்தே வளைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. காணொளியில் உச்சியிலுள்ள மட்டை முகம் இடது முன்கைக்கு இணையாக நிற்கிறது. ஆனால் சில பந்துகள் இப்போது இடத்தே புறப்பட்டு, வளையாமல் இடத்தேயே போய் விழுகின்றன. அவன் பதறிப்போய்ப் பழைய பிடிக்குத் திரும்பப் பார்த்தான். நான் விடவில்லை. முகம் பாதையோடு ஒத்துப்போகத் தொடங்கியிருப்பதால்தான் பந்து வளையாமல் போகிறது. பாதைதான் இன்னும் வெளியிலிருந்து உள்ளே, அதாவது இடத்தே, வெட்டி வருகிறது. முகம் திறந்திருந்த காலம் முழுவதும் பந்தை இலக்குக்குள் கொண்டுவர உடல் பழகிக்கொண்ட வழி அது. மணிக்கட்டுக்கு அதில் பங்கில்லை. அடுத்த கிழமை கமெராவை அவனுக்குப் பின்னால், இலக்குக் கோட்டில், கைகளின் உயரத்துக்கு வைத்துத் தோளும் இடுப்பும் எந்த ஒழுங்கில் திரும்புகின்றன என்று பார்க்க வேண்டும். அதுவரை பிடியில் கைவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.