பின் குத்தாத துப்பட்டா

லண்டன் வருவதற்கு முன்பு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவளாக இருந்தேன். லண்டன் கடைகளுக்குப் போகும் லெக்கிங்ஸும் டி-ஷர்ட்டும் எங்கள் மேஜையெல்லாம் சாம்பிளாகக் குவிந்து கிடக்கும். அவற்றை அளந்து பார்த்து பையருக்கு, அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் போடும் பெண்கள் யாரும் அதே டி-ஷர்ட்டில் ஆபீஸுக்கு வந்துவிட முடியாது. சுடிதார், இரண்டு தோளிலும் பின் குத்திய துப்பட்டா, ஆயுதபூஜைக்குப் புடவை. இது எந்தக் காகிதத்திலும் கிடையாது. கூட வேலை பார்த்த ஒரு பெண் ஒருநாள் துப்பட்டா இல்லாமல் குர்தியில் வந்தாள். மேனேஜர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவள் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கே லண்டனில் வேலை கிடைத்தபோது, கம்பெனிக் கையேட்டில் உடைக்கென்று ஒரே ஒரு பத்தி இருந்தது. சுத்தமாக, வேலைக்குப் பொருத்தமாக உடுத்த வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வரிகள். அம்மா கவலைப்பட்டது குளிருக்குத்தான்: "சுடிதாரு பத்துமா கண்ணு?" பத்தும். உள்ளே தெர்மல், மேலே கோட்டு. மெல்லிய காட்டன் பேண்ட் மட்டும் மழையில் நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ளும், கனத்த துணியில் தைத்துக் கொண்டுவருவது நல்லது. ரயில் நிலைய எஸ்கலேட்டரில் துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகிவிடுங்கள்.

அந்தப் பத்தி இங்கேயும் சும்மா வந்துவிடவில்லை. 2015 டிசம்பரில் நிக்கோலா தார்ப் என்ற பெண் லண்டனில் தற்காலிக வரவேற்பாளராக வேலைக்குப் போனார். 2 முதல் 4 அங்குலக் குதிகால் செருப்பு போட வேண்டும் என்றார்கள். மறுத்ததால் முதல் நாளே சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் தொடங்கிய மனுவில் 1,50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள், நாடாளுமன்றக் குழுக்கள் 2017இல் அறிக்கை கொடுத்தன. அரசு புதுச் சட்டம் போடவில்லை, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமே போதும் என்றது. ஆனால் 2018இல் உடை விதிகளுக்கு வழிகாட்டி வந்தது. அதனால் புதிதாக வரும் நம்மூர்ப் பெண்களுக்குச் சொல்கிறேன், உடை விதி என்ன என்று எச்.ஆரிடமே கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

நம் பக்கமும் எழுதி வைத்தது உண்டு. 2019இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட ஆணையில் புடவையோடு சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் எல்லாம் இருந்தன. துப்பட்டாவை விடவில்லைதான், ஆனாலும் எழுத்தில் இருப்பதை நாளைக்குத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். அப்பாவுக்குப் போகும் போனை எப்படித் திருத்துவது?

கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் என் சித்தி மகள் ஜீன்ஸில் ஆபீஸ் போகிறாள். அங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருக்கும் திருப்பூரில் என் தோழிகள் இன்னும் பின் குத்துகிறார்கள். நான் இப்போது பையர் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆடிட்டர்கள் அங்கே போய்த் தீயணைப்பான், கழிப்பறை, சம்பளச் சீட்டு வரை பார்க்கிறார்கள். ஆபீஸ் பெண்களின் உடை விதி எழுத்தில் இருக்கிறதா, ஆண்களுக்கும் அதே அளவுதானா என்ற கேள்வியையும் அவர்களுடைய சோதனைப் படிவத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.